பவுனுத்தாயிக்குத் துணை

உக்காருங்க டீச்சர். பையைக் குடுங்க, என் மடியில வச்சுக்கிறேன். நம்ம பள்ளிக்கூடத்துக்கு இந்த மாசம் வந்த புது டீச்சர்தானே நீங்க? தெரியும். ஈச்சமடைக்குள்ள ஒரு புதுக் கோழி வந்தாக்கூட எனக்குச் சேதி வந்துரும். வெள்ளிக்கிழமை சாயங்காலமானா கீழ இறங்கிடுறீங்க, திங்கக்கிழமை முதல் பஸ்ஸுக்கு ஏறி வர்றீங்க. அதுவும் தெரியும். குத்தமாச் சொல்லல. இங்க வந்த எல்லா வாத்தியாரும் அப்படித்தான். தங்குறதுக்குன்னு குவாட்டர்ஸ் கேட்டு வாங்குனேன். இப்ப அதுல எவனோ ஆடு கட்டி வச்சிருக்கான்.

நான் யாருன்னு தெரியுதா? ஒச்சப்பன். இந்த ஊரை உண்டாக்குனவன். பெருமைக்குச் சொல்லல, யாரை வேணாலும் கேளுங்க. அந்தா டிக்கெட் கிழிக்கிறானே கண்டக்டரு, அவனைக் கேளுங்க. அவன் அப்பனுக்கு வீட்டுக்கு இடம் அளந்துவிட்டதே நாந்தான். என்னப்பா, நான் சொல்றது சரிதானே? பாத்தீங்களா, சிரிக்கிறான். டிக்கெட்டுக்குக் காசுகூட வாங்கமாட்டான் எங்கிட்ட.

முன்னாடி டிரைவருக்குப் பின்னால, செல்போனைக் காதுல ஒட்டவச்சுக்கிட்டு நிக்கிறான் பாருங்க, வெள்ளைச் சட்டை. அவன் எம் மகன் தவசி. திருப்பூர்ல பனியன் கம்பெனி வச்சிருக்கான். நல்ல பையன். மழையில ரோடு அரிச்சுப் போனதுனால அவன் காரு மேல ஏறல, அடிவாரத்துல நிக்குது. என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறான். வயித்துல கட்டியாம். அறுக்கணுமாம். இந்த வயசுல அறுத்தா எந்திரிப்பாராங்கிறதை உறுதியாச் சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொன்னாராம். அதை மகன் எங்கிட்டச் சொல்லல. மருமக போன்ல பேசும்போது எங்காதுல விழுந்துச்சு.

சாவுக்குப் பயப்படுறவன் இல்ல டீச்சர் நான். எங்க சாகுறோங்கிறதுதான் என் கவலை. இந்த பஸ்ஸு கீழ இறங்குறப்ப கருப்பு கோயில்ல நிக்கும், உங்களுக்குத்தான் தெரியுமே, டிரைவர் இறங்கி விபூதி பூசிட்டு வருவாரு. அதான் எங்க ஊரு எல்லை. அதைத் தாண்டி நான் செத்தேன்னா, திரும்ப என்னைய உள்ள கொண்டு வரமாட்டாய்ங்க. அதனால அங்கன பஸ்ஸு நிக்கிற நேரத்துல நான் இறங்கிறணும். நீங்க காலைக் கொஞ்சம் ஒதுக்கி வச்சுக்கிட்டாப் போதும். மகன்கிட்டச் சொல்லிறாதீங்க.

ஏன் கொண்டு வரமாட்டாகன்னு கேக்குறீங்க. சொல்றேன். அதைச் சொல்லணும்னா முதல்ல இருந்துதான் சொல்லணும். வளைவு வருது, கம்பியைப் பிடிச்சுக்கங்க.

அப்ப இங்க என்ன இருந்துச்சு? மூங்கி. மூங்கியும் யானையும். கூப்பு, அதான் காட்டுல மரம் வெட்டுற குத்தகை, எடுத்த ஒரு காண்ட்ராக்டர்கிட்ட மூங்கி வெட்ட வந்தவன் நான். மீசைகூடச் சரியா மொளைக்கல. எங்க ஊரு செக்கானூரணிப் பக்கம், வானம் பாத்த பூமி. மழை பெஞ்சாச் சோறு, பெய்யாட்டி கஞ்சி, அதுவும் இல்லாட்டி பட்டினி. இங்க வந்து பாக்குறேன், மடையில தண்ணி ஓடுது. சித்திரை மாசம் டீச்சர், கத்திரி வெயிலு, அப்பவும் தண்ணி சலசலன்னு, கேக்க ஆளில்லாம ஓடுது. நான் அழுதுட்டேன். வெக்கமில்லாமச் சொல்றேன், அருவாளைக் கீழ போட்டுட்டு உக்காந்து அழுதேன். இம்புட்டுத் தண்ணியை இத்தனை காலமா யாருமே எடுத்துக்கலையேன்னு.

கூப்பு முடிஞ்சு எல்லாரும் இறங்கிட்டாய்ங்க. நான் இறங்கல. ஜீப்புத் தடத்தை ஒட்டி ஒரு குடிசையைப் போட்டு டீக்கடை வச்சேன். டீ குடிக்க யாரு இருக்கான்னு கேப்பீங்க. யாரும் இல்ல. மரம் ஏத்த வர்ற லாரி நிக்கட்டும்னு வச்சேன். லாரி நின்னா ஆள் நிக்கும், ஆள் நின்னா ஊரு நிக்கும். காட்டிலாகா அதிகாரிக வந்து குடிசையைப் பிரிச்சுப் போட்டுட்டுப் போவாக. அவுக ஜீப்பு வளைவு திரும்பக்கூட இல்ல, நான் திரும்பக் கட்ட ஆரம்பிச்சிருவேன். ஒருதடவை ஒரு அதிகாரி திரும்பி வந்து பாத்துட்டு, ஒரு டீயை வாங்கிக் குடிச்சுட்டுப் போனாரு.

அந்த நேரத்துலதான் கல்யாணம். பவுனுத்தாயி. எங்க ஊருக்கு அடுத்த ஊரு. தாலி கட்டுன கையோட கூட்டிட்டு வந்துட்டேன். பாதி வழி லாரி, மீதி நடை. மேல வந்து குடிசையைச் சுத்திச் சுத்திப் பாத்தா. "இங்கன வேற யாரு இருக்கா?"ன்னா. "இப்ப யாரும் இல்ல, வருவாக"ன்னேன். "பேச்சுத் துணைக்குக்கூட ஒரு பொம்பளை இல்லையா?"ன்னா. அவளுக்குப் பேச்சு வேணும் டீச்சர். விடிஞ்சதுல இருந்து பேசிக்கிட்டே இருப்பா. ஆள் இல்லாட்டி கோழிகிட்டப் பேசுவா, அடுப்புகிட்டப் பேசுவா. எனக்கு வேலை இருக்கும், நான் எதைக் கேக்க? "வருவாகடி, பொறுடி"ன்னு சொல்லிட்டுக் காட்டுக்குப் போயிருவேன். ஒரு வகையில அவளுக்காகத்தான் இந்த ஊரையே உண்டாக்குனேன்னு வச்சுக்கங்களேன்.

சும்மா வருவாகளா சனம்? சாமி இல்லாத காட்டுக்கு எவன் வருவான்? அதனால எங்க ஊருக் கருப்பு கோயில்ல இருந்து பிடிமண் எடுத்தேன். அதான் டீச்சர், தாய்க் கோயில்ல பூசை போட்டு ஒரு பிடி மண்ணை மஞ்சத் துணியில முடிஞ்சு கொண்டு வந்து, புது இடத்துல வச்சுச் சாமியை எழுப்புறது. தரையில வைக்காம, தலையில சுமந்து, வழியெல்லாம் யார்கூடவும் பேசாம நடந்து வந்தேன். எல்லையில வச்சேன். கருப்பு வந்து உக்காந்துட்டான்னு கீழ போயிச் சொன்னேன். அதுக்கப்புறம்தான் ஒவ்வொரு குடும்பமா ஏறுச்சு. மொச்சை போட்டாய்ங்க, கொட்டைமுத்து, அதான் ஆமணக்கு, போட்டாய்ங்க, இலவ மரம் வச்சாய்ங்க. இலவம்பஞ்சு வெடிச்சுப் பறக்குறப்ப பாத்திருக்கீங்களா? இன்னும் பாக்கலையா? மாசி பங்குனியில தங்கிப் பாருங்க. ஊரே வெள்ளையா இருக்கும்.

பள்ளிக்கூடம் வாங்குனேன். ரேசன் கடை வாங்குனேன். இந்த பஸ்ஸு இருக்கே, இதுக்கு நடந்த நடையில என் செருப்பு தேஞ்சுச்சு. எல்லாம் வந்துச்சு டீச்சர். ஒண்ணே ஒண்ணு மட்டும் வரல.

சாவு வரல.

சிரிக்காதீங்க. சாவு எல்லா வீட்டுலயும் விழுந்துச்சுதான். குளிர்காய்ச்சல்ல செத்தாக, யானை மிதிச்சுச் செத்தாக, வயசாகிச் செத்தாக. ஆனா ஒரு பொணம்கூட இங்க அடங்கல. செத்த உடனே ஜீப்பைக் கூப்பிட்டு, பொணத்தை உக்கார வச்சாப்புல கட்டி, சொந்த ஊருக்குக் கொண்டுபோயிருவாய்ங்க. நான் சுடுகாட்டுக்குன்னு நல்ல இடமா, மடைக்கு மேல, வேலி கட்டி, கல்லு ஊண்டி, நிழலுக்குப் புங்கமரம் வச்சு விட்டிருக்கேன். ஒருத்தனும் அந்தப் பக்கம் திரும்பல. கேட்டா, "அங்க முதல்ல யாரு போறது?"ங்கிறாய்ங்க. முதல்ல போற ஆத்மா அங்க ஒத்தையில கிடக்குமாம். ஒத்தையில கிடக்க முடியாமத் துணைக்கு ஆள் கேக்குமாம். அதுக்குத் தெரிஞ்ச ஆளைத்தானே கேக்கும்? அவுக வீட்டுலயே இன்னொரு உசுரைக் கூப்பிட்டுக்குமாம். அந்தப் பயம்.

நான் என்னென்னமோ செஞ்சு பாத்தேன். சங்கு ஊதுறதுக்குன்னே கீழ இருந்து சடையாண்டின்னு ஒருத்தனைக் கூட்டிட்டு வந்து குடிவச்சேன். வீடு குடுத்தேன், கறவைமாடு குடுத்தேன். அந்தாளுக்கு ஊத வேலையே இல்ல. சங்கு மறந்து போகக் கூடாதுன்னு சாயங்காலம் மடைக்கரையில உக்காந்து ஊதிப் பாப்பான். அதைக் கேட்டுக் கர்ப்பமா இருந்த பொம்பளைங்க சண்டைக்கு வந்துட்டாளுக. கடைசியில அந்தச் சடையாண்டியே செத்தான். சரி, இவனாச்சும் முதல்ல போவான், சங்குக்காரன் பயப்படுவானான்னு நெனச்சேன். அவன் மகன் ஜீப்போட வந்து நிக்கிறான். அவனையும் கீழதான் கொண்டு போனாய்ங்க.

அந்த வருசந்தான் பட்டா கேட்டு மனு குடுத்து, தாலுகா ஆபீஸ்ல இருந்து ஒருத்தர் பாக்க வந்தாரு. கண்ணாடி போட்டவரு, நல்லாப் பேசுனாரு. ஊரைச் சுத்திக் காட்டுனேன். எல்லாம் பாத்துட்டு, "சுடுகாடு எங்கய்யா?"ன்னாரு. காட்டுனேன். "ஒரு சமாதிகூட இல்லையே"ன்னாரு. "ஒரு பொணம்கூட விழாத இடத்தை ஊருன்னு எப்படி எழுதுறது? இது வேலைக்கு வந்து தங்குன கேம்பு மாதிரில்ல இருக்கு?"ன்னுட்டு ஜீப்புல ஏறிட்டாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. இத்தனை வருசம் யானைகூட மல்லுக்கட்டி ஒரு ஊரை எழுப்புறேன், கேம்புன்னு சொல்லிட்டுப் போறாரு மனுசன்.

அன்னைக்கே ஊரைக் கூட்டுனேன், கருப்பு கோயில் முன்னால. சொன்னேன்: இனிமே இந்த ஊருக்காரன் எல்லைக்கு வெளிய செத்தா, அவன் பொணமும் உள்ள வரக்கூடாது, சாம்பலும் உள்ள வரக்கூடாது, கருமாதியும் இங்க நடக்கக்கூடாது. வயசானவுக, சீக்காளிக, எல்லாரும் இதை மனசுல வச்சு இங்கனயே இருந்துக்கங்கன்னேன். சூடத்தைக் கொளுத்தி, கையால அடிச்சு அணைச்சுச் சத்தியம் பண்ணேன். கை வெந்து போச்சு. இந்தா பாருங்க, இந்த வெரலு இன்னும் சரியா மடங்காது. ஒருத்தன் எதுத்துப் பேசல டீச்சர். சரி சரின்னு எல்லாரும் சந்தோசமாத் தலையாட்டுனாய்ங்க. என் பேச்சுக்கு அம்புட்டு மரியாதை. ஆனா அதுக்கப்புறமும் கீழ கொண்டுபோறதை மட்டும் நிறுத்தல. அது ஏன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல.

தண்ணி இருக்கா உங்ககிட்ட? ஒரு மடக்குக் குடுங்க. மகன்கிட்டக் கேட்டா மாத்திரையையும் சேத்துக் குடுப்பான். மாத்திரை போட்டாத் தூக்கம் வந்துரும். தூங்கிட்டேன்னா கோயிலைத் தாண்டிருவேன்.

சரி. பவுனுத்தாயி கதைக்கு வர்றேன். அவளுக்குக் காமாலை வந்துச்சு. மருந்து குடுத்தோம், பத்தியம் இருந்தா, முத்திப் போச்சு. கண்ணெல்லாம் மஞ்சளா, வயிறு வீங்கிப் படுத்துட்டா. ஒருநாள் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "எங்க ஆத்தா கிடக்குற இடத்துல கொண்டுபோயி என்னையப் போட்டுருங்க"ன்னா. "இங்கன ஒத்தையில போட்டுறாதீங்க, எனக்குப் பேச ஆள் வேணும்"னா. காய்ச்சல்ல பேசுறாடான்னு மகன்கிட்டச் சொன்னேன். காய்ச்சல்ல அப்படித்தான் பேசுவாக. மறுநாளும் அதையே சொன்னா. அதுக்கு மறுநாளும் அதையே சொன்னா. காய்ச்சல் விடலைன்னு அர்த்தம்.

எவனோ சேதி சொல்லி, அவ அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஜீப்பு எடுத்துட்டு வந்துட்டாய்ங்க. "மச்சான், தங்கச்சி ஆசைப்படுது, கூட்டிட்டுப் போறோம்"ங்கிறான் மூத்தவன். ஊரே வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருக்கு. நீங்களே சொல்லுங்க டீச்சர், எம் பொண்டாட்டியையே நான் கீழ அனுப்புனா, நாளைக்கு எவன் என்னைய மதிப்பான்? இந்த ஊரு என்னத்துக்கு ஆகும்? நான் போயி ஜீப்பு டயருக்கு முன்னால உக்காந்துட்டேன். "என் மேல ஏத்திட்டுப் போங்கடா"ன்னேன். சின்னவன் அழுதான். மூத்தவன் என்னையவே பாத்துக்கிட்டு நின்னுட்டு, "இதோட உனக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல"ன்னு வண்டியைத் திருப்பிட்டான்.

நான் உள்ள வந்து பாத்தேன். அந்த ஜீப்புச் சத்தம் கொறைஞ்சு கொறைஞ்சு போகுதே, அதைக் காதைக் குடுத்துக் கேட்டுக்கிட்டே கிடந்தா. சத்தம் நின்னதும் கண்ணை மூடிக்கிட்டா. சரி, தூங்குறா, இனிமே சரியாப் போயிரும்னு நெனச்சேன். அதுக்கப்புறம் அவ ஒரு வார்த்தை பேசல. காமாலை முத்துனா நாக்கு மடிஞ்சுரும்னு வைத்தியர் சொன்னாரு. இருக்கும். அம்புட்டுப் பேசுனவ டீச்சர், கடைசி வரைக்கும் வாயைத் திறக்கல. தவசி கேட்டான், மருமக கேட்டா. எங்கிட்டயும் பேசல.

எடுப்பு எடுத்தோம் பாருங்க, அப்படி ஒரு எடுப்பு இந்த மலையிலயே நடந்தது இல்ல. பக்கத்து ஊருல இருந்து சங்கு கொண்டாந்தேன், கொட்டு கொண்டாந்தேன். ஊரு அம்புட்டும் திரண்டு வந்துச்சு, முதல் அடக்கமாச்சே. எரிச்சா அடையாளம் நிக்காதுன்னு பொதைச்சோம். பொறந்த வீட்டுக் கோடித் துணி மட்டும் வரல. பொறந்தவன் எடுத்துப் போட்டாத்தான் பொம்பளைக்குப் பெருமைம்பாக. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் வரல. பொம்பளைங்க எல்லாம் அதுக்கே அழுதாளுக. துணிதானே, நானே எடுத்துப் போட்டேன். அவுக எடுத்திருந்தா நூல் சேலை எடுத்திருப்பாக. நான் பட்டுல எடுத்தேன். ஒரு கொறையும் வைக்கல டீச்சர் அவளுக்கு.

கல்லறை கட்டி, பேரு எழுதி, தேதி எழுதி, மறுபடி மனு குடுத்தேன். இந்தத் தடவை வந்தவரு வேற ஆளு, சின்னப் பையன். சுடுகாட்டுப் பக்கம் கூட்டிட்டுப் போனேன். "இது என்னங்க?"ன்னாரு. "எம் பொண்டாட்டி சமாதி. இனிமே இதைக் கேம்புன்னு சொல்ல முடியாது"ன்னேன். அந்தப் பையனுக்குப் புரியல. "ரேசன் கார்டு நகல் குடுத்தாப் போதுமே ஐயா, சமாதியெல்லாம் யாரு கேக்குறா?"ன்னாரு. முன்னால வந்தவரு சொன்னதைச் சொன்னேன். "அவரு பேச்சுக்குச் சொல்லியிருப்பாரு"ன்னாரு. பட்டா வந்துருச்சு. ஊருன்னு எழுதிட்டாக. அதுல சந்தோசந்தான். சந்தோசப்படாம இருக்க முடியுமா?

ஆனா அவளுக்கு அப்புறம் ஒருத்தரும் அங்க போகல. ஒரு ஆள்கூட. நான் கதவைத் திறந்துவிட்டா எல்லாரும் வருவாகன்னு பாத்தேன், இன்னும் ஜீப்பு வச்சுத்தான் கொண்டுபோறாய்ங்க. இப்ப ஜீப்புகூட இல்ல, கண்ணாடி வச்ச வேன் வந்துருச்சு. ஊருல எந்தப் புள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், "பவுனக்கா துணை கேக்குது"ங்கிறாளுக. வெறகுக்குப் போற பொம்பளைங்க அந்தப் பாதையையே மாத்திட்டாளுக. உசுரோட இருந்தப்ப அவகிட்டப் பேசிக்கிட்டு நின்னவளுகதான் அம்புட்டும். இப்ப அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கமாட்டாளுக. எனக்கு ஆத்திரமா வரும், அழுகையா வரும்.

அதனால நான்தான் சாயங்காலமானா போயிருவேன். போயி உக்காந்து அவகிட்டப் பேசுவேன். ஊருல நடக்குறது, யாரு வீட்டுல கல்யாணம், யாரு வீட்டுல மாடு ஈனுச்சு, எல்லாம் சொல்லுவேன். சொல்லி முடிச்சா இருட்டிரும். ஒருநாள் அவ கல்லறை மேல கையடிச்சுச் சொல்லிட்டேன், "பயப்படாத பவுனு, வேற எவனும் வராட்டி நான் வர்றேன். உம் பக்கத்துல நான் வந்து கிடக்குறேன்"னு. வாக்குக் குடுத்தாச்சு. இப்ப இந்தக் கட்டி வந்து நிக்குது.

இப்ப புரியுதா டீச்சர், நான் ஏன் இறங்கணும்கிறேன்னு? கீழ ஆஸ்பத்திரியில எனக்கு ஒண்ணு ஆயிட்டா, நான் அணைச்ச சூடம்தான் என்னைய நிறுத்தும். மகன் திருப்பூருக்குக் கொண்டுபோயிருவான். அங்க சுவிட்சைப் போட்டா சாம்பலாம். அந்தச் சாம்பலும் இங்க வரக்கூடாது. அவ அங்கன ஒத்தையிலயே கிடப்பா. எத்தனை காலத்துக்கு?

கேட்டுப் பாத்தேன். இப்ப ஊருக்குப் பெரியவன் காசிமாயன், நான் தூக்கி வளத்த பையன். "எனக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு வச்சுவிடுங்கப்பா"ன்னு கூட்டத்துலயே கேட்டேன். அவன் எந்திரிச்சு என் காலைத் தொட்டுக் கும்பிட்டுட்டு, "பெரியவரே, நீங்க சூடம் அணைச்சுச் சொன்ன வாக்கு. அதை மாத்துறதுக்கு எங்களுக்கு யோக்கியதை இருக்கா? மாத்துனா உங்களுக்கு நாங்க செய்யிற அவமரியாதை"ன்னான். எல்லாரும் ஆமா ஆமான்னாய்ங்க. கருப்புகிட்டயே கேட்டேன். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் பொட்டணம் கட்டிப் போட்டு, ஒரு சின்னப் புள்ளையை எடுக்கச் சொன்னேன். வெள்ளை வந்தா உத்தரவு. சிவப்பு வந்துச்சு. மறுபடி போட்டேன். சிவப்பு. இன்னொருதரம் போடப் போனேன், பூசாரி கையைப் பிடிச்சுட்டான். நான் தலையில சுமந்து கொண்டாந்த சாமி டீச்சர்.

ஆஸ்பத்திரிக்கே வரலைன்னு மகன்கிட்டச் சொன்னேன். "அப்பா, நீங்க காய்ச்சல்ல பேசுறீங்க"ங்கிறான். எனக்கு எங்க காய்ச்சல்? தொட்டுப் பாருங்க. சில்லுனு இருக்கேன். நான் தெளிவாத்தானே பேசுறேன்? நீங்க படிச்சவுக, நீங்களே சொல்லுங்க, நான் தெளிவாப் பேசுறேனா இல்லையா? அப்புறம் ஏன் கேக்கமாட்டேங்குறான்?

இந்தா, கோயில் வந்துருச்சு. பஸ்ஸு நிக்குது. டீச்சர், காலை ஒதுக்கிக்கங்க. பையைப் பிடிங்க. ஒரு கை குடுங்க, முட்டி மடங்கிப் போச்சு, எந்திரிக்க வரமாட்டேங்குது. அந்தா அந்தக் கம்பியை எட்டிப் பிடிச்சுட்டா…

யாரு, காசிமாயனா? நீ எங்கடா இங்க? அம்புட்டுப் பேருமா வந்து நிக்கிறீக? மாலை என்னத்துக்கு? எனக்கா? இல்லப்பா, வழியனுப்ப வேணாம், நான் போகல. இறங்குறேன். கொஞ்சம் விலகுங்க. தோளை அமுக்காத காசிமாயா. விபூதி அப்புறம் பூசலாம், முதல்ல என்னைய இறங்க விடு. நல்லபடியா நான் எதுக்குப் போயிட்டு வரணும்? போகலைங்கிறேன். ஏத்தா, நீ எதுக்கு அழுகுற? உங்க மாமனாருக்கு இடம் பாத்துக் குடுத்தவன் நான், எனக்காக நீயாச்சும் ஒரு வார்த்தை சொல்லு. டேய் தவசி, கையை விடுடா. வலிக்குது. விடுடா.

கண்டக்டரு, விசில் ஊதாதப்பா.

ஊதிட்டான்.

…

பரவால்ல டீச்சர். நீங்க என்ன செய்வீங்க. நீங்க காலை ஒதுக்கத்தான் செஞ்சீங்க, நான் பாத்தேன். எல்லாரும் நல்லவுகதான். எம் மேல பிரியமா இருக்கப்போயித்தானே மாலையோட வந்து நிக்கிறாய்ங்க. அந்தப் பிரியத்தை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது. இந்த மாலையைக் கழட்டி விடுங்க, கழுத்தெல்லாம் அரிக்குது. மல்லிகைப்பூ வேற வச்சுக் கட்டியிருக்காய்ங்க.

பின்னாடி திரும்பிப் பாத்தீங்களா? கோயில் தெரியுதா இன்னும்? தெரியலையா. வளைவு திரும்பிருச்சு.

உங்க போன் அடிக்குது. எடுங்க, எடுங்க. எனக்காகப் பாக்காதீங்க.

…

யாரு, அம்மாவா? எங்க வந்துக்கிட்டிருக்கன்னு கேக்குறாகளா? வீட்டுல தனியாத்தான் இருக்காகளா? பாவம். வாரமெல்லாம் நீங்க பள்ளிக்கூடத்துல, அவுக அங்க ஒத்தையில. பேச ஆள் இருக்காதே. வயசு என்ன இருக்கும்? எழுபதைத் தாண்டியிருக்குமா? ஒடம்புக்கு எப்படி? சக்கரை இருக்கா? மூச்சு வாங்குதா. ம்.

நான் ஒண்ணு சொன்னாக் கேப்பீங்களா டீச்சர்? அம்மாவை ஈச்சமடைக்கே கூட்டிட்டு வந்துருங்க. ஆட்டை அவுத்துவிடச் சொல்லி நான் கண்டக்டர்கிட்டச் சொல்லி அனுப்புறேன், குவாட்டர்ஸைக் கழுவி விட்டாய்ங்கன்னா ராசா வீடு மாதிரி இருக்கும். நல்ல காத்து, நல்ல தண்ணி. கடைசிக் காலத்துல நிம்மதியா இருந்துட்டுப் போகட்டுமே. அப்படியே ஒண்ணு ஆயிட்டாலும், அது எல்லாருக்கும் உள்ளதுதானே, நீங்க கீழ மேல அலைய வேணாம். இடம் நல்ல இடம். புங்கமரம் இப்பப் பெருசா நிழல் விரிச்சு நிக்குது. ஒத்தையில கிடக்கணுமேன்னு பயப்பட வேண்டியது இல்ல, பக்கத்துலயே ஆள் இருக்கு.

ஏன் டீச்சர் எந்திரிக்கிறீங்க? அந்த சீட்டுல வெயில் அடிக்கும். உக்காருங்க. பவுனுத்தாயி யார்கூடவும் சண்டை போடமாட்டா டீச்சர். நல்லாப் பேசிக்கிட்டிருப்பா.